இருபத்து மூன்றாம் எண் கவ்வி

உலகப் பட்டப் போட்டிகளின் வரலாற்றை
ஒரு ஜெர்மானியர் அட்டவணையாகத் தொகுத்திருக்கிறார்:
ஆண்டு, ஊர், முதல் மூவர்.
எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி.
அதில் மூன்றாவது பெயர் ஒத்தாவியோ புருசஃபெர்ரோ.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்,
அடியில் பொடி எழுத்தில்: இயந்திரக் கோளாறு.

இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.
கோளாறு நான்.

அந்நாளில் வானத்தைத்
துணிக்கவ்விகளால் பங்கு போட்டோம்.
பலகையில் முப்பது கவ்விகள்,
ஒவ்வொன்றிலும் ஓர் அலைவரிசை எண்.
கவ்வி கையில் இல்லாதவன்
ரிமோட்டை முடுக்கக் கூடாது.
ஒரே எண்ணில் இருவர் பேசினால்
பாவம் வண்டி, யார் சொல்லைக் கேட்கும்?
பலகைக்குக் காவல் நான், ஹல்வார் எக்டால்,
தபால் பிரிக்கிறவன்,
அந்த ஆகஸ்டில் மட்டும் பத்து நாள்
ஸ்வீடனின் காற்றுக்கே மணியக்காரன்.

சரளைக் குழியை மட்டம் தட்டித் தடம் போட்டிருந்தோம்.
பழைய தீயணைப்புக் குழாய்கள் வளைவுகளுக்கு,
பழைய கதவுகள் தாவுமேட்டுக்கு.
ஜப்பானியர்கள் டயர் முட்களை
ஒவ்வொன்றாகக் கத்தரியால் சீவினார்கள்.
அமெரிக்கர்கள் பேட்டரிகளை
கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காயவைத்தார்கள்.
ஒத்தாவியோ, பெர்கமோவில் பல்செட் கட்டுகிறவர்,
தன் பக்கி வண்டியை மல்லாத்தி
அடிவயிற்றுக்குப் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருந்தார்,
ஏதோ திட்டியபடி.

வெள்ளி இரவு இருபத்து மூன்று தொலைந்தது.
புல்லில் தேடினேன். பெஞ்சடியில் தேடினேன்.
வீட்டுக் கொடியிலிருந்து ஒன்றை உருவி
சிவப்பு மையில் எண் எழுதினேன்.
யாருக்கும் சொல்லவில்லை.
கவ்விதானே.

மூன்று இறுதி ஓட்டங்கள், இரண்டை வென்றால் பட்டம்.
முதலாவது ஒத்தாவியோவுடையது.
இரண்டாவதில் பதினோராம் சுற்று,
இன்னும் ஒரு நிமிடம்,
பின்னால் வருகிறவனுக்கு இவர் கிளப்பிய புழுதிகூட
அடங்கிவிட்டிருந்தது.
மேட்டில் எழும்பிய வண்டி
காற்றிலேயே மனம் மாறியது.
இடப்பக்கம் ஒடித்து, வேலி தாண்டி,
சரிவில் முழு வேகத்தில் இறங்கி
குழியின் பச்சைத் தண்ணீருக்குள் போயிற்று.
மேடையில் அவர் விசையை
இழுத்துக்கொண்டே நின்றார்,
குமிழிகள் நின்ற பிறகும்.

நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன்.
பெல்ஜியத்துப் பையன் லீவன்
ரிமோட்டைச் சோதித்துக்கொண்டிருந்தான்.
சட்டைப் பையில் கவ்வி குத்தியிருந்தது,
வெள்ளியன்று திருப்பித்தர மறந்த கவ்வி.
விதிப்படிதான் நின்றான்.
கொடு என்றேன். கொடுத்தான்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மூன்று நடுவர்கள் வண்டியைத் திறந்து
தண்ணீரை ஊற்றிவிட்டு எழுதிக்கொண்டார்கள்.
நனைந்ததெல்லாம் ஒரே சாட்சி சொல்லும்.

ஓடி முடித்தவன் அடுத்த ஓட்டத்துக்கு
வளைவில் நின்று
கவிழும் வண்டிகளை நிமிர்த்த வேண்டும்.
வென்றவனுக்கும் அதுதான், தோற்றவனுக்கும் அதுதான்.
முழங்கால் வரை ஈரமாக ஒத்தாவியோ போய் நின்றார்.
நாலாம் சுற்றில் அவர் காலடியிலேயே
லீவனின் வண்டி உருண்டது.
மல்லாந்து, நாலு சக்கரமும் வானத்தில் ஓட.
ஓடிப்போய் எடுத்தார்.
கட்டைவிரலால் சேற்றை வழித்தார்.
திசை பார்த்து வைத்தார், விட்டார்.
பலகையருகே நான் நின்றேன்,
பையில் இரண்டு இருபத்து மூன்றுகளோடு.

இப்போது ரிமோட்கள்
தங்களுக்கு வேண்டிய வானத்தைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன.
தடம் பல ஊர்களில் கம்பளமாகிவிட்டது,
புழுதியே இல்லை.
நல்லதுதான். என்னைப்போல ஒருவன் குறைவு.

ஜெர்மானியருக்குக் கடிதம் தொடங்கி
இரண்டு முறை கிழித்தேன்.
நட்சத்திரத்தை எடுக்கச் சொல்வதா,
என் பெயரைச் சேர்க்கச் சொல்வதா?
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு கவ்வியை அன்றே அடுப்பில் போட்டேன்.
நானாக எழுதியது காப்பிப்பொடிப் பொட்டலத்தின் வாயில் இருக்கிறது.
சிவப்பு மை இன்னும் போகவில்லை.
இன்று காலையும் அழுத்தித் திறந்தேன்.
அதன் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது.