பலகைக்கு அறுபது சொல்

பெரியபட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி
கருவேலங்காட்டுக்குள் அரைக் கிலோமீட்டர்.
தகரக் கொட்டகை. நான்கு கண்ணாடிப் பெட்டி.
பார்வையாளர் பக்கம் மட்டும் திரும்பிய ஒரு மின்விசிறி.
கடல் தெரியாது. வாடை வரும்.
கச்சான் அடித்தால் கூரை நாள் முழுக்கப் பேசும்.

என் வேலைக்கு இன்டர்ன் என்று பெயர்.
வருகிறவர்களை எண்ண ஒரு கருவி தந்திருக்கிறார்கள்,
கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும்.
முதல் வாரம் முப்பத்தொன்று.
அதில் நான்கு ஆடுகள்.

கேட்ட கேள்விகள்:
பாத்ரூம் எங்கே.
தங்கம் கிடைத்ததா.
உடைந்ததை ஏன் ஒட்டவில்லை.

ஜூலையில் தில்ஷாத் மேடம் சொன்னார்:
"ரெண்டாம் பெட்டிக்குப் பலகை எழுது. அறுபது சொல்.
கூடினால் எழுத்து சின்னதாகும்,
சின்னதானால் யாரும் படிக்கமாட்டார்கள்.
பெரிசானாலும் படிக்கமாட்டார்கள், அது வேற."

பெட்டிக்குள் சீனக் கிண்ணத்தின் விளிம்பு ஒன்று.
வெள்ளரிப் பிஞ்சைக் கீறினால் வரும் பச்சை.
எழுதினேன்:
உலகளாவிய வணிகப் பெருமைக்குச் சான்றாக விளங்கும் இவ்வோடு
இங்கே கண்டெடுக்கப்பட்டது.

கண்டெடுக்கப்பட்டது.
மதியம் சோற்று டப்பாவைத் திறந்தும் அதுவே நின்றது.
தோண்டப்பட்டது, கழுவப்பட்டது, எண் இடப்பட்டது.
கையே இல்லாத ஊர் போல.

பீரோவின் அடித்தட்டில்
கரையான் தின்றது போகக் கூலிப் பதிவேடு.
குழி மூன்று. பிப்ரவரி ஒன்பது. ஆறு பேர்.
ஆறாவது வரி: பூ. இருளாயி. அரை நாள்.
ஓரத்தில் பென்சிலில்:
பச்சை ஓடு, விளிம்பு, இவர்.

ஏன் அரை நாள்?
டீக்கடை முஸம்மில் நம்பர் பிடித்துக் கொடுத்தான்.
மண்டபத்தில் இறால் கம்பெனி,
பின்னால் ஐஸ் கொட்டும் சத்தம்.
"ஓடா? நெறைய ஓடு கெடந்துச்சும்மா, எதச் சொல்ற?
தேள் கொட்டுன நாளுன்னா ஞாபகம் இருக்கு.
மத்தியானத்தோட வீட்டுக்கு அனுப்பிட்டாக.
மிச்சக் காசு வரல. நீ அந்த ஆபீஸுதானா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை,
இல்லை என்று சொல்லவும்.
எனக்கே ரெண்டு மாசம் பாக்கி என்றேன்.
சிரித்தார். மணி அடித்தது. வைத்துவிட்டார்.

திரும்ப எண்ணினேன்.
உலகளாவிய போனது. பெருமை போனது.
விளங்கும் தானாகவே உதிர்ந்தது.
தேளையும் சேர்த்துப் பார்த்தேன்: அறுபத்து நான்கு.
தில்ஷாத் மேடம் தேளை அடித்தார்.
பெயரின்மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
பிறகு மூடினார்.

கீழக்கரையிலிருந்து ஃபிளெக்ஸ் வந்தது,
சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு.
விரித்தால்,
"இருளாய் கண்டெடுத்த சீனக் கிண்ண விளிம்பு."

இருளாய்.
திரும்ப அடிக்கப் பணமில்லை.
திங்கட்கிழமை கலெக்டர்.

மார்க்கரைக் கடித்துத் திறந்து ஸ்டூலில் ஏறினேன்.
யகரத்தின் தலையில் இருந்த புள்ளியை
விழுங்கும்படி ஒரு சுழி.
ஸ்டூல் ஆடியதில் கொஞ்சம் தடித்துவிட்டது,
கொட்டுவதற்கு நிமிர்ந்த வால் மாதிரி.

கலெக்டர் வரவில்லை.
பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டே
ஏர்வாடிக்குப் போகும் வேன் ஒன்று நின்றது.
பதினேழு பேர்.
அழுத்தினேன்.