இரண்டு நாற்பது, பச்சை

பிப்ரவரி. வெளியே கழித்தல் இருபத்தெட்டு.
வுவொக்ஸி ஆற்றின் விளிம்பில் பனிக்கட்டி பல்லைக் கடிக்கிறது.
தௌனோ ரியிகோனென் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தி
மூன்று மூட்டை மரத்தூளை இறக்குகிறார்.
பூர்ச்ச மரம். இன்னும் ஈரம்,
அறுத்த ரொட்டியின் உட்பக்க நிறம்.

"இதை எரித்தால் என் தெரு முழுக்கச் சூடாகும்.
நீங்கள் இதை என்னதான் செய்கிறீர்கள்?"

கேள்வியில் குளிர் இருந்தது. நியாயமும் இருந்தது.
கையுறையைக் கழற்றாமலே காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.
ஐலி விடுப்பில். இந்த வாரம் இரவுப் பணிக்கு நான் ஒருத்திதான்.
பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

எரிப்பதில்லை, என்றேன்.
எரிப்பது என்றால் மரத்திடம் இருப்பதையெல்லாம்
ஒரே மூச்சில் பிடுங்கிக்கொள்வது.
நாங்கள் தவணையில் வாங்குகிறோம்.

மஞ்சள் கரைசலைக் காட்டினேன்.
மாலிப்டினம் கலந்த அமிலம்; கடுகுப் பூவின் மஞ்சள்.
மரத்தூளைப் போட்டுத் தொண்ணூறு டிகிரியில் வைத்தால்
முதலில் ஒன்றும் நடக்காது.
இரண்டாம் மணியில் பச்சை.
மாலைக்குள் நீலம், மைக்கூட்டின் நீலம்,
விரலில் பட்டால் மூன்று நாள் போகாது.
அந்த நீலம்தான் மரம் கைமாற்றிக் கொடுத்த எலெக்ட்ரான்கள்.
அறுபது கோடையின் வெயில்
சுடர் இல்லாமல்
ஒரு கண்ணாடிக் குடுவைக்குக் குடிவந்திருக்கிறது.

பிறகு அதைக் கலத்துக்குள் அனுப்புகிறோம்.
நடுவே ஒரு சவ்வு, வெங்காயத் தோல் கனம்.
இந்தப் பக்கம் நீலம் எலெக்ட்ரானை இழந்து மறுபடி மஞ்சளாகும்.
அந்தப் பக்கம் குமிழிகள். ஹைட்ரஜன்.
தண்ணீரைப் பிளந்து இதே வாயுவைக் கேட்டால்
அது இரண்டு வோல்ட்டுக்கு அருகே விலை சொல்லும்.
நீலமோ ஒன்றுக்கும் கீழே இறங்கி வருகிறது.
மிச்சத்தைக் கட்டுவது மரம்.

"அப்போது புகையே இல்லையா?"

விளம்பரத் தாள்கள் இந்த இடத்தில்தான் பேச்சை முடித்துக்கொள்ளும்.
இருக்கிறது, என்றேன். கார்பன் டை ஆக்சைடு,
குடுவையின் மேல்குழாய் வழியே, கொஞ்சம் கொஞ்சமாக.
மரம் காற்றிடம் வாங்கிய கடன்.
அறுத்த இடத்தில் இன்னொன்று நட்டால்தான் கணக்கு நேராகும்.
அடியில் தார் போல ஒன்று தங்கும்;
சுரண்டிக் கழுவுவதும் என் வேலை.
'தூய எரிபொருள்' என்று எழுதும் கையின் நகத்தைப் பாருங்கள்,
நீட்டினேன். கறுப்பு.

சிரித்தார். அப்போதுதான் கையுறையைக் கழற்றித்
தன் நகத்தைக் காட்டினார். டீசல்.

கவிழ்த்த கண்ணாடி உருளையில் நாற்பது மில்லி சேர்ந்திருந்தது.
சோதனைக் குழாயில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன்.
'பப்'.
நாய்க்குட்டியின் பாதிக் குரைப்பு, அவ்வளவுதான்.
சுவாலை கண்ணில் படவில்லை.
உள்சுவரில் மட்டும் யாரோ மூச்சுவிட்டது போல ஈரம்.
அவர் விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனார்;
கையைப் பிடித்துக்கொண்டேன்.
"வெறும் தண்ணீர்தானே?"
வெறும் தண்ணீர்தான். ஆனாலும் இது ஆய்வகம்.

இரண்டு மணி தாண்டியதும் கிளம்பினார்.
லாரி கிளம்பவில்லை.
குளிரில் டீசல் மெழுகாகியிருந்தது.
நாற்பது மில்லியால் ஒரு லாரியை எழுப்ப முடியாது;
அந்த நாற்பதையும்தான் 'பப்' என்று தீர்த்துவிட்டோமே.
எஞ்சின் சூடேற்றியின் கம்பியை இழுத்து வந்து
வெளிச்சுவரில் இருந்த ஒரே பிளக்கில் மாட்டினார்.

விளக்குகள் போயின.
வெப்பத்தட்டு, பம்பு, காற்றோட்டி, எல்லாம்.
கடைசிக் குமிழிகள் இரண்டு,
பேச்சின் நடுவே எழுந்து போகிறவர்களைப் போல
மேலேறிப் போயின.

கைவிளக்கை அடித்தேன்.
கலத்துக்குள் இருந்தது
நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை.
மே மாதத்தில் ஒரே ஒரு வாரம்
பூர்ச்ச மரத்தில் தங்கிப் போகிற பச்சை.

பதிவேட்டில் எழுதினேன்:
2:40. மின்தடை. நிறம் பச்சை.
காரணம்: வாகனம் ஒன்று.
பெயரைப் போடவில்லை.
அவர் கதவருகே இருட்டைத் தடவிக்கொண்டிருந்தார்,
"ஃபியூஸ் எந்தப் பெட்டியில்?" என்று கேட்டபடி.