பாக்கி

பத்து மாசம்
ஞாயிறு தவறாமல் ஆறு நாற்பது பஸ்ஸில்
பாளையங்கோட்டைக்குப் போய்வந்தேன்.
பெரிய ஷெட், குளிர்ந்த காற்று,
திரையில் வசனம் தானாக நகரும்,
ஒலிபெருக்கி ஒருநாளும் கரகரத்ததில்லை.
பிரசங்கியார் என் மனசுக்குள்
குடியிருந்தவர் போலப் பேசுவார்.
என் பெயர் அவருக்குத் தெரியாது.
எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

எங்கள் தேரிமேட்டுக் கோயிலில்
எல்லோருக்கும் என்னைத் தெரியும்.
கமிட்டித் தேர்தலில் எந்தப் பக்கம் நின்றேன்,
டயர்க்கடைக்கு யாரிடம் வட்டிக்கு வாங்கினேன்,
பத்தொன்பது வயதில்
எந்த விளைக்குள் குடித்துக் கிடந்தேன்,
ஞானப்பாட்டு எண் போல
அவரவருக்கு மனப்பாடம்.

கிணற்றுப் பங்கு வழக்கில்
நாங்குநேரி கோர்ட்டில் எதிர்க்கட்சி மாசிலாமணி.
ஞாயிற்றுக்கிழமை
எனக்கு முன்வரிசையும் மாசிலாமணி.
அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே
கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லவேண்டும்.
மன்னிக்கிற வரி வரும்போது மட்டும்
எனக்கு இருமல் வந்துவிடும்.
ஆறு வருஷம் இருமினேன்.
அப்புறம் பஸ் ஏறிவிட்டேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது.
பதினோரு நாள் கட்டில்.
பெரிய ஷெட்டிலிருந்து
போனில் ரோஜாப்பூப் படம் வந்தது,
ஆயிரம் பேருக்குப் போனது எனக்கும்.

பன்னிரண்டாம் நாள் வாசலில் சைக்கிள் மணி.
கோயில்குட்டியார் வேதமுத்து,
கக்கத்தில் நீள நோட்டு.
ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்திருப்பார் என்று பார்த்தேன்.
ஜெபம் பண்ணக்கூட உட்காரவில்லை.
"சங்கக் காணிக்கை பத்து மாசம் நிக்கி, கேட்டீரா.
பண்டிகைக்கு முன்ன முடிச்சிரும்."

சுள்ளென்று ஏறியது எனக்கு.
"நான் வாரதில்லன்னு தெரியும்லா?
பேரை அடிச்சிற வேண்டியதுதான?"

விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார்.
"பேரை அடிக்க ரெண்டு வழிதான் உண்டும்.
ஒண்ணு, வேற சபைக்கு மாற்றல் சீட்டு வாங்கணும்.
இன்னொண்ணு..."
கல்லறைத் தோட்டம் இருக்கிற திசையை
மோவாயால் காட்டினார்.

நோட்டில் நான் இருந்தேன்.
அ. ஞானசிகாமணி, குடும்பம் நான்கு பேர்.
மாசத்துக்கு ஒரு கட்டம்.
பணம் வராத பத்துக் கட்டத்திலும்
பென்சிலால் ஒரு புள்ளி.
இது என்ன என்றேன்.
"வந்து கதவத் தட்டுன நாளு.
நீரு பஸ்ஸுக்குப் போயிருப்பீரு."

பத்துப் புள்ளி.
கடன் கொடுத்தவன்கூட
இத்தனை ஒழுங்காக என்னைத் தேடியதில்லை.
அவர் போனபிறகு
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
காய்ச்சல் மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் உட்கார்ந்து ஆண்டவர்
பாக்கியவான்களை வரிசையாகச் சொன்னார்.
பாக்கிக்காரர்களை அதில் சொல்லவில்லை.
நாங்கள் வேதமுத்துவின் நோட்டில் இருக்கிறோம்.

அசனப் பண்டிகைக்குப் போனேன்.
மைக் கரகரத்தது.
ஐயர் போன வருஷத்துப் பிரசங்கத்தையே
பின்பக்கமிருந்து சொன்னார்.
பீடத்துக்கு இடப்புறம் ஓடு ஒழுகியது,
வாளி வைத்திருந்தார்கள், அதே வாளி.
பந்தியில் கத்தரிக்காய்ச் சாம்பாரைக்
கேளாமலே இரண்டாம் முறை ஊற்றினவன்
தேர்தலில் நான் தோற்கடித்தவன்.

காணிக்கையாக நான் வைத்த பூசணியை
சாயங்காலம் ஏலம் போட்டார்கள்.
நூறு, நூற்றைம்பது என்று தளர்ந்து நின்றது.
"அறுநூத்திப் பத்து" என்று ஒரு குரல்.
மாசிலாமணி.
ஊரே திரும்பிப் பார்த்தது.
பூசணியைத் தோளில் தூக்கிக்கொண்டே சொன்னான்:
"எந்தண்ணியில காச்சதுல்லா,
வெளியாளுக்கு விடுவனா?"

வழக்கைத் தை மாசத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்.
பாக்கியில் ஏழு மாசம் கட்டியாயிற்று.
மன்னிக்கிற வரி வரும்போது
இன்னும் இருமத்தான் செய்கிறேன்,
முன்னைவிட மெதுவாக.
மெதுவாக இருமுவதால்
இப்போதுதான் காதில் விழுகிறது,
அதே இடத்தில்
முன்வரிசையிலும் ஓர் இருமல்.