நூற்றுத் தொண்ணூற்றிரண்டு

பட்டையைக் கையில் சுற்றும்போதே தெரியும்,
ஏறப்போகிறது.
இறுக்கிப் பிடித்து, விட்டு விட்டுப் பெருமூச்செறிந்து
மெஷின் சொல்கிறது:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

நூற்றெண்பதைத் தாண்டினால் கத்தி வைக்க மாட்டார்கள்.
பிப்ரவரியிலும் இப்படித்தான்.
வலது புருவத்துக்கு மேல் அம்புக்குறி வரைந்த பிறகு
வீட்டுக்குப் போ என்றார்கள்.
ஆயர் ஈத்தாம் வரை பஸ்ஸில்
எல்லாரும் அம்பைப் பார்த்தார்கள்,
அது காட்டிய கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.
மூன்று நாள் தேய்த்தும் போகாத மை.

மகனுக்கு இது இரண்டாவது லீவு.
கீழே கார் பார்க்கில் மணிக்கு எவ்வளவு என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.
அதை நினைத்தால் இன்னும் நாலு ஏறும்.

பக்கத்து நாற்காலியில் மிஸ்டர் ஊய்.
நூற்றிருபத்தெட்டாம்.
வாயைத் திறந்து தூங்குகிறார்.
எண்பத்தோரு வயதில் என்ன திமிர்!

"பெலான் பெலான், ஆன்ட்டி"
என்கிறாள் நர்ஸ் ஹயாத்தி.
"நல்லதா ஏதாவது நினைங்க."

நல்லதா.

பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருஷம்
மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து
தலைமயிரில் கால்வாசி தங்கக் கம்பியை
சில்லில் ஒட்டியவள் நான்.
ஒரு தும்மல், ஒரு தட்டு குப்பை.
ராத்திரி தூங்காதவளின் கம்பி
குடித்தவன் நடை போலச் சாய்ந்திருக்கும்;
யாருடையது என்று பெயர் கேட்காமலே சொல்வேன்.
இன்றைக்கு லென்ஸுக்கு அடியில் நான்.

கத்திக்குப் பயமா என்று கேட்கிறார்கள்.
ஆமாம் என்றால் பேச்சு முடிந்துவிடுகிறது.

"மிஸ்ஸி" என்றேன், மெதுவாக.
"காலையில் பிரஷர் மாத்திரை போடவில்லை.
ஒன்றும் சாப்பிடாதே என்றீர்களே,
அதையும் சேர்த்துத்தான் என்று...
மகனிடம் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன்."

அவள் திட்டவில்லை.
காகிதக் கப்பில் ஒரு மாத்திரை,
தொண்டை நனைய ஒரு வாய் தண்ணீர்.
ஒரு மணி நேரம் உட்காருங்க.

டாக்டர் வந்தாள். சின்னப் பெண்.
ஃபைலில் கையெழுத்துப் போடும்போது
விரலைத்தான் பார்த்தேன்.
கேட்டும் விட்டேன்:
"நேற்று தூங்கினீங்களா?"

பேனா நின்றது.
"குழந்தைக்குப் பல் முளைக்குது, ஆன்ட்டி.
அஞ்சு மணி நேரம்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அஞ்சு போதும்.
நாங்கள் மூன்றிலேயே ஒட்டியிருக்கிறோம்.

கையை நீட்டுகிறேன். பட்டை இறுகுகிறது.
மிஸ்டர் ஊய் விழித்துக்கொண்டு
கழுத்தை நீட்டி
என் நம்பருக்காகக் காத்திருக்கிறார்.