முப்பதாவது காலடி

முதலில் விசிறியைக் கழற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
போன தடவை கழற்றவில்லை;
கிங்ஸ்லியின் பெருவிரலில்
அதற்கொரு தழும்பு இருக்கிறது.

பிரட்டுக்களத்துச் சீமெந்தில்
விமானம் மல்லாந்து கிடக்கிறது.
மீன் பெட்டி ரெஜிபோம்.
இடது இறக்கையில் பேலியகொட என்று
சிங்களத்தில் பாதி எழுத்து.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
சூரை மணம் போகவில்லை.
களத்துப் பூனை
எங்களைவிட அதிக நம்பிக்கையோடு
சுற்றிச் சுற்றி வருகிறது.

ரிசீவர் பாதித் தீப்பெட்டி அளவு.
அதன் பொத்தானை ஊசிமுனையால் அமுக்கிப் பிடித்தபடி
பேட்டரியைக் கொடுக்கவேண்டும்.
எனக்கு இரண்டு கை, வேலைக்கு மூன்று.
கிங்ஸ்லி ஒன்றும் சொல்லாமல்
வயரைச் செருகினான்.
சித்திரைக்குப் பிறகு
நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது:
யார், யார், யார், யார்.
ரிமோட் புறக்கோட்டையில் பழசாக வாங்கியது.
முன்பு வைத்திருந்தவனின் விமானப் பெயர்
இன்னும் திரையில் நிற்கிறது, ரொஷான் இரண்டு.
அதை அழிக்காமலே
பைண்ட் என்பதைத் தேடி அழுத்தினான்.
சிமிட்டல் நின்றது.
சிவப்பு, அசையாமல்.
இனி தலவாக்கலை முழுக்க ரிமோட் முளைத்தாலும்
இது ஒன்றின் சொல்லைத்தான் கேட்கும்.

போன விமானம் டர்பன்டைன் மரத்தில் ஏறியது.
வலது தள்ள இடது சாய்ந்தது.
சேர்வோவைத் திருப்பிப் பொருத்தியது நான்.
பார்க்காமல் எறிந்தது அவன்.
நாலு மாதமாக இதை
இரண்டு பேரும்
வேறு வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"வலது" என்றான்.
வலது மடல் எழும்பியது, இடது தாழ்ந்தது.
"சரி."
"இடது."
"சரி."
"மேல."
"சரி."
இத்தனை சரி எங்களுக்குள் எப்போதும் இருந்ததில்லை.

அடுத்து, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று
அறுவதற்கு முன்பே சொல்லி வைக்கவேண்டும்.
மோட்டாரை நிறுத்து.
லேசாக இடது பக்கம் சாய்.
வட்டம் போட்டபடி இறங்கு.
நேராக மட்டும் போகாதே,
நேரே போனால் டேம் தண்ணி.

பிறகு ரிமோட்டின் பலத்தைக் குறைத்து
முப்பது காலடி நடக்கவேண்டும்.
கிங்ஸ்லி எண்ணிக்கொண்டே
ஏழாம் நம்பர் மலைக்குள் இறங்கினான்.
நான் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.
மோட்டார் விசிறியில்லாமல் இரைந்தது.
கொழுந்து நிறுக்க வந்தவர்களில் ஒருத்தி,
"என்னடி ஜெசிந்தா, மழைக்கா?"

பன்னிரண்டு வரைக்கும் குரல்.
பதினாறில் தொப்பி.
அப்புறம் மேல் மலையிலிருந்து மூட்டம் இறங்கி
தேயிலையை நிரை நிரையாக எடுத்துக்கொண்டது.

மடல் மட்டும் அசைந்தது.
வலது. இடது. வலது.
உள்ளங்கையில் சேர்வோவின் சின்ன முனகல்.
முப்பதைத் தாண்டியிருப்பான்,
சொன்ன இடத்தில் நிற்கிற ஆளில்லை.

வால் மடல்
இரண்டு தரம் எழும்பித் தணிந்தது.
நாங்கள் பேசிவைத்த சோதனையில் அது இல்லை.
தலையாட்டுவது மாதிரி இருந்தது.
கவ்வாத்து வெட்டிய கட்டையில் கால் தடுக்கி
விரல் நடுங்கியிருக்கவும் கூடும்.

நான் எதைத் திருப்பி ஆட்டுவது?
இது ஒருவழிப் பாதை.
திரும்பப் பேசுகிற ரிசீவருக்கு
எங்களிடம் காசு இருக்கவில்லை.

மோட்டார் நின்றது.
மடல் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து
அப்படியே இருந்தது.
சொல்லி வைத்தபடி, அச்சொட்டாக.
சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

"கிங்ஸ்லி, எத்தனை?" என்று
வெள்ளைக்குள் கத்தினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"எழுபத்து... இரு, அட்டை கடிக்குது!"

மடல் நடுங்கி நிமிர்ந்தது.

அன்றைக்குப் பறக்கவிடவில்லை.
மூட்டம் ஆறு மணிக்கும் அங்கேயே நின்றது.
இரவு சட்டையை ஊறப்போடும்போது
பையில் விசிறி.
படம் எடுத்து, எழுத்து ஏதும் போடாமல்
அவனுக்கு அனுப்பினேன்.
அட்டை கடித்த காலைப் படம் எடுத்து
அவன் அனுப்பினான்.