ஒன்றரை அங்குலம்

வண்டி வந்து ஒன்பது நாள்.
டேங்க்கின் மேல் ஒட்டிய கண்ணாடித்தாளை
இன்னும் உரிக்கவில்லை.
அதற்குள் ஆளுக்கொரு வண்டியை
அதில் செய்து பார்த்துவிட்டார்கள்.

நாலு ரோட்டில் தனசிங் குந்தி உட்கார்ந்து
பின்சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
"மொதல்ல இந்த சேலை கார்டைக் கழட்டிரணும்க்கா,
வண்டியோட லுக்கையே கெடுக்குது."
நான் சேலையில்தான் நின்றிருந்தேன்.
"அண்ணன் எத்தன அடி ஒசரம்?" என்றார்.
"அண்ணனுக்கு சைக்கிளே வராதுங்க."
கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக் கணக்கு எனக்கு.
கிராம், மில்லி, சேதாரம்.
அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்
வண்டிக்கும் ஒரு கணக்கு திறந்தேன்.

சைலன்சர்:
அம்மாபேட்டையில் முறுக்கினால் குகையில் கேட்கணும்
என்கிறான் கொழுந்தன் ஜெயவேல்.
எதிர்வீட்டுக் கைக்குழந்தை
பதினொரு மணிக்குத்தான் கண்ணை மூடுகிறது.
அடித்துவிட்டேன்.

முன்கண்ணாடி:
மலைக்காற்றை மூஞ்சியில் வாங்கத்தானே
முப்பத்தாறு மாதத் தவணை?

தோல்பை இரண்டு: வைக்கலாம். போனஸ் வரட்டும்.

பின்சாய்வு:
தர்ஷிகா பென்சிலில் வரைந்தே கொடுத்தாள்,
குஞ்சம் எல்லாம் வைத்து.
ஜூனில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள்.
அப்புறம் அதில் சாய்வது யார்?
அடிக்கவில்லை. கேள்விக்குறி போட்டேன்,
அதன் மேல் இன்னொன்றும்.

குரோமைக் கறுப்பாக்கச் சொன்னவர்கள் நான்கு பேர்,
இன்னும் குரோம் ஏற்றச் சொன்னவர்கள் மூன்று பேர்.
பளபளப்பைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள்.
பத்தொன்பது வருடமாக
மெருகு மிஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
மினுங்குகிற எதுவும்
முதலில் நன்றாகத் தேய்பட்டதுதான்.

ஒருவரும் சொல்லாதது ஒன்று இருந்தது.
எனக்குக் கை குட்டை.
யாரோ ஆறடி ஆளை உட்கார வைத்து
அளந்திருக்கிறார்கள் அந்த ஹேண்டில் பாரை.
நேர் ரோட்டில் சமாளித்துவிடுகிறேன்.
இடது பக்கம் ஒடித்துத் திருப்பினால்
வலது கைப்பிடி தூரத்துச் சொந்தம்போல்
விலகி விலகிப் போகிறது.
தோளையும் கூடவே அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை, ஒரு யோசனையும் வேண்டாமென்று
சுடிதார் போட்டு, அடிவாரம் தாண்டி ஏறினேன்.
கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டே வந்தவள்
பதினொன்றிலோ பன்னிரண்டிலோ
எண்ணிக்கையைத் தவறவிட்டேன்,
மேலிருந்து ஒரு பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டதால்.
உள்ளே ஒதுங்கிச் சாய்த்தேன்.
காலுக்கடியில் கர்ரென்று ஒரு சத்தம்.
என் வயிறும் அதே சத்தம் போட்டது.

சவுக்கு மரங்களுக்குக் கீழே நிறுத்தி
குனிந்து பார்த்தேன்.
கால்கட்டைக்கு அடியில் ஓர் ஆணி,
எதற்கென்று ஒன்பது நாளாகத் தெரியாதது.
அதன் நுனி இப்போது சாய்வாக,
சுத்தமாக, வெள்ளையாக இருந்தது.
அரம் போட்ட வேலை. அதுவும்
கை நடுங்காத ஆள் போட்டது.

பட்டறையில் தரைத்தூசியைக் கூட்டி அள்ளி
சாக்கையும் எரித்து
உள்ளே போன வெள்ளியைத் திரும்ப எடுப்பார்கள்.
இந்தத் தாரில் விழுந்த என் பொடியை
எந்த விளக்குமாறும் தேடப்போவதில்லை.
சேதாரம், என்று வாய்விட்டுச் சொன்னேன்.
ஒரு குரங்கு திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை தனசிங்கிடம் சொன்னேன்:
ஹேண்டிலை என் பக்கமா
ஒன்றரை அங்குலம் இழுத்து வையுங்க. அவ்வளவுதான்.
"அது வெளிய தெரியவே தெரியாதேக்கா."
தெரியாதுதான்.
"சேலை கார்டு?"
அது பாட்டுக்கு இருக்கட்டும்.

போல்ட்டைத் தளர்த்தக் குனிந்தவர்
நின்றார். கால்கட்டையின் அடியில்
விரலால் தடவிப் பார்த்தார், இரண்டு முறை.
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:
"இத யாருக்கா ராவுனது?"