திங்கட்கிழமைக்கு ஒரு டிரிப் ஷீட்

டிரைவர் புருஷோத்துக்குக் கிடைக்காத லீவு
எனக்குக் கிடைத்தது.
பழைய டிரிப் ஷீட்டைத் திருப்பிப் போட்டு
வெற்றுப் பக்கத்தில் கோடு கிழித்தேன்.
புறப்பாடு: கடலூர், 7.10.
சேருமிடம்: புதுச்சேரி.
பயணிகள்: இரண்டரை.

அரை டிக்கெட் யாமினி
கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டி
"மடியில எல்லாம் உட்கார மாட்டேன், தனி சீட்டு" என்றாள்.

வெங்காயம் உரித்தபடி அஞ்சலாட்சி கேட்டாள்:
"அங்க கடல் எப்படி இருக்கும்?"

பதினோரு வருஷம்.
ஒரு நாளைக்கு நாலு நடை.
பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி,
இறங்கியவர்கள் திரும்ப ஏறும்போது
வேறு ஆளாகிவிடுகிற முள்ளோடை,
கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்.
நோணாங்குப்பம் பாலத்தில் மட்டும்
சுண்ணாம்பாறு ஒரு விசில் நேரத்துக்கு
ஜன்னல்களில் பளபளத்து மறையும்.
அப்போது நான்
பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு
ஐந்நூறு நீட்டியவரோடு
சில்லறைச் சண்டையில் இருப்பேன்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்தது
பஸ் ஸ்டாண்டு,
கட்டணக் கழிப்பிடம்,
சர்க்கரை கம்மி என்றால்
கூடப் போடும் ஒரு டீக்கடை.
கடல், நடந்தால் அரை மணி என்று
கேட்டவர்க்கெல்லாம் கிழக்கே
கை காட்டியிருக்கிறேன்.
கை போன தூரம் கால் போனதில்லை.

"பெருசா இருக்கும்" என்றேன்.
வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கடலூர்க்காரிக்குக் கடலா இல்லை?
தேவனாம்பட்டினம் கூப்பிடு தூரம்.
ஆனால் அங்கே போனால்
பாதிக் கடற்கரை
"கண்டக்டர் வீட்டம்மாவா, அவரு வரலையா" என்று விசாரிக்கும்.
அவளுக்கு வேண்டியது
யாரும் விசாரிக்காத கடல்.
கறுப்புக் கல் கொட்டிய கடல்.
கல்மேல் உட்கார்ந்தால்
புடவையில் மண் ஒட்டாதென்று
பக்கத்து வீட்டுக் கோமளா சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து
அதே நினைப்பு.

8.20 இறங்குதல்.
8.30 கட்டிக்கொண்டு போன இட்லி.
இதை அவளே அடித்தாள்.
"ஒரு நாளாவது
கழுவ டப்பா இல்லாம இருக்கேன்."
10.00 தாவரவியல் பூங்கா.
12.00
இங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
யாமினி பென்சிலால்
ஐஸ்கீரிம் என்று எழுதினாள்,
சுழி எழுத்து மாறி.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.
4.00 கடல்.
5.00 கடல்.
6.00 கடல். அந்த நேரத்துக்கு
கடற்கரைச் சாலையில்
வண்டிகளை விடமாட்டார்களாம்.
"வண்டியே ஓடாத ரோடா?"
கேட்டது யாமினி இல்லை, நான்.

குடும்பத்துக்கு டிக்கெட் வேண்டாம்
என்று முதலாளி சொல்லிவிட்டார்.
அஞ்சலாட்சி ஒப்பவில்லை.
"காசு குடுத்து உட்காரணும்.
அப்பத்தான் ஜன்னல் கேக்க முடியும்."
வலப்பக்க ஜன்னல் என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
என் இடத்தில் வரும் தனசேகரன்
என்னையே முதுகில் கைவைத்து
"உள்ள போ, உள்ள போ" என்பான்.
முதுகு கொடுத்துப் பார்க்கணும்,
எப்படி இருக்கிறதென்று.

திரும்புதல்:
அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.
ராத்திரிக்கு ராத்திரி
கடலூர் கடைசி, கடலூர் கடைசி என்று
தொண்டை கிழியக் கூவுகிறவன்
ஒரு நாள் கூவாமல் இருக்கட்டுமே.
எழுதாமல் விட்டதில்
கொஞ்சம் பெருமைகூட இருந்தது எனக்கு.

பேனாவைப் பிடுங்கி
வெங்காய ஈரம் காகிதத்தில் ஊற
அவள் எழுதினாள்:
எட்டரைக்குள்ள வீடு.
ஒம்போதுக்குத் தண்ணி விடுவான்.